ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு டிஸ்க்

மதுரையில் நள்ளிரவு தாண்டி பஸ் ஏறினால் வள்ளியூரில் விடியும். ஆனி மாதமானால் அதுவரை வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. பணகுடி வந்ததும் மேற்கே மகேந்திரகிரியின் உச்சியில் மேகம் இறங்கியிருப்பது தெரியும். காவல்கிணறு விலக்கில் வண்டி நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும் காற்று எதிரே வந்து நிற்கும். டிரைவர் ஒரு கியர் குறைப்பார். ஜன்னலோரக்காரர்கள் ஒன்றும் பேசாமல் ஷட்டரை இறக்குவார்கள். முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் முன்னால் வண்டி சற்றே தயங்கும். முன்சீட்டில் இருந்து யாராவது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாலைக்கு இருபுறமும் காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அரபிக்கடலில் இருந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, போக வழியில்லாமல் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து கிழக்கே பாய்கிற இடம் இது. கணவாயை ஒட்டிய மலை ஒன்றுக்குக் காற்றாடிமலை என்றே பெயர். காற்றாலைகள் வருவதற்குப் பல தலைமுறை முந்தைய பெயர். கணவாய்க்கு இந்தப்பக்கம் செம்மண், பனை, உடைமரம். அந்தப்பக்கம் பத்து நிமிடத்தில் வயலும் தென்னையும் சாரலும். தமிழ்நாட்டில் இவ்வளவு சீக்கிரம் நிலம் நிறம் மாறுகிற வேறொரு பஸ் பாதையை நான் பார்த்ததில்லை.

2007-இல் அந்தப் பாதையில் போனபோது ஷட்டரை இறக்குவதைவிட எனக்கு முக்கியமான வேலை ஒன்று இருந்தது. மடியில் ஒரு பை. பைக்குள் ஸ்பாஞ்சுக்கு நடுவில், நிலைமின்சாரம் தாக்காத வெள்ளிநிறக் கவரில் ஒரு ஸ்கஸி ஹார்டு டிஸ்க். 73 ஜி.பி., நிமிடத்துக்கு 10,000 சுற்று. இன்றைக்குச் சட்டைப்பையில் கிடக்கும் பென் டிரைவில்கூட அதைவிட அதிகம் கொள்ளும். ஆனால் அன்று அந்த டிஸ்க்குக்காகத் தக்கலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி காத்துக்கொண்டிருந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். நாகர்கோவிலில் இருந்து மேற்கே அந்தச் சாலை நெடுகக் கல்லூரிகள்தான், எதுவாகவும் இருக்கலாம்.

முந்தின நாள் மாலை வந்த தகவல் இவ்வளவுதான்: சர்வரில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, மெஷின் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. பதிவேட்டைப் பார்த்தேன். சன் கம்பெனியின் சன் ஃபயர் வி240 சர்வர், சோலாரிஸ் 9 இயங்குதளம், பூட் டிஸ்க் மிரர் செய்யப்பட்டது. சர்வீஸ் வேலையில் இருப்பவனுக்கு ‘மெஷின் ஓடுகிறது’ என்ற சொல்லில்தான் முதல் கவலை பிறக்கும். நின்றுபோன மெஷினை எல்லோரும் பார்ப்பார்கள். ஓடிக்கொண்டிருப்பதை யார் பார்க்கிறார்கள்?

பஸ் கடந்துகொண்டிருந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒருகாலத்தில் கோட்டை வாசல் இருந்தது. கடலோரத்து வட்டக்கோட்டைப் பக்கம் தொடங்கி மலைவரை திருவிதாங்கூர் எழுப்பியிருந்த அரண் வரிசையின் வாயில். 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயோடு நடந்த சண்டையில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இங்கே வந்து நின்றது. மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு பிரிவைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக மலைச்சரிவில் ஏறி அரண்களைப் பிடித்தார். பொழுது புலர்ந்த கொஞ்ச நேரத்தில் வாசல் தானாகக் காலியானது. இப்போது அங்கே கோட்டையைத் தேடினால் கொஞ்சம் கல்தான் கிடைக்கும். பஸ்காரர்கள் நிற்பதில்லை.

தோவாளையில் நின்றார்கள். பூச்சந்தை நேரம். பிச்சி, மல்லி, அரளி, கொழுந்து, சம்பங்கி எல்லாம் சாக்குச் சாக்காக இறங்கிக்கொண்டிருந்தன. பாதி கேரளத்துக்குப் போகும். நனைந்த பூவின் வாசம் பஸ்ஸுக்குள் புகுந்து, இரவெல்லாம் தூங்கி வழிந்தவர்களை எழுப்பிவிட்டது. வெள்ளமடம், ஒழுகினசேரி, வடசேரி பஸ் நிலையம். இங்கே டீ இல்லை, சாயா. கூடவே ஏத்தன்பழம் மாவில் தோய்த்துப் பொரித்தது ஒன்று. பையை மடியை விட்டு இறக்காமலே சாப்பிட்டு முடித்தேன். நின்றிருக்கும் டிஸ்க் ஓரளவு அடி தாங்கும், சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்தான் தாங்காது என்பது தெரியும். தெரிந்தாலும் கீழே வைக்க மனம் வராது.

அடுத்த பஸ்ஸில் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி. இடப்பக்கம் வயல்களில் கன்னிப்பூ நாற்று காற்றில் படிந்து எழுந்தது. நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கு இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம்; ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும் என்பது விவசாயியின் கணக்கு. அதையும் நம்பிவிடாமல் 1906-இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தார்கள். பிறகு 1950-களில் பெருஞ்சாணியில் இன்னொன்று.

கல்லூரியின் சர்வர் அறை மூன்றாம் மாடியில், பழைய டிராயிங் ஹாலைத் தடுத்துச் செய்தது. ஏ.சி. ஓடியது. யு.பி.எஸ். அவ்வப்போது கிச்சிட்டது. பொறுப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர். வெற்றிலைச் சிவப்பு உதட்டில் கொஞ்சம் மிச்சம். முதல் பத்து நிமிடம் என்னை ‘சார்’ என்றார். நான் ‘அண்ணாச்சி’ என்றதும் அவர் ‘தம்பி’க்கு வந்துவிட்டார். அதன்பிறகு வேலை சுலபம்.

“இன்னா, இந்த லைட்டுதான். எப்பம் இருந்து எரியுதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது கேட்டியளா. முன்மூடியைப் போட்டு வச்சிருந்தோம். தூசி தட்டுகதுக்குத் தொறந்த பையன்தான் பாத்தான்.”

லாக் கோப்புகளைப் பார்த்தேன். சோலாரிஸ் வாரத்துக்கொரு முறை பழைய லாக்கை ஒதுக்கிவைத்துப் புதிதைத் தொடங்கும். நான்கு பழசை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு முந்தியதைத் தூக்கிப் போட்டுவிடும். இருந்த எல்லாவற்றிலும் அந்த டிஸ்க் ஏற்கெனவே செத்துத்தான் இருந்தது. எப்போது செத்தது என்பதற்கான வரி அழிந்துபோயிருந்தது. மாதமா, ஒரு பருவமா, யாருக்கும் தெரியாது. அத்தனை நாளும் மாணவர்கள் மெயில் பார்த்தார்கள், ஆசிரியர்கள் இன்டர்னல் மார்க் ஏற்றினார்கள், ஆபீஸில் ஃபீஸ் ரசீது போட்டார்கள். ஒரு முனகல்கூட இல்லை. மிரர் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தது.

மிரர் என்றால் என்ன என்று இந்தத் துறையில் இல்லாத வாசகருக்கு ஒரு வார்த்தை. ஒரே அளவு டிஸ்க் இரண்டு. எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று போனால் மற்றது போதும். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறைகளை வகைப்படுத்தி ‘ரெய்டு’ என்று பெயரிட்டது. அதில் முதல் வகை இது. முறை அதற்கு முந்தியது. 1970-களிலேயே டாண்டம் கம்பெனியின் மெஷின்களில் இருந்தது. யோசனை எளிது, சாமர்த்தியமும் அதில்தான். ஆனால் அது காப்பது டிஸ்க் செத்துப்போவதில் இருந்து மட்டும். யாராவது ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். மிரர் இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று கேட்கும் நிர்வாகிகளை மாவட்டத்துக்கு நாலு பேராவது பார்த்திருக்கிறேன்.

பிரின்சிபால் வந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். சேர்க்கைக் காலம். “எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன் சார். எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாச்சு.”

அப்போது செய்யக்கூடாத ஒரே வேலை அதுதான். அதற்கு இரண்டு காரணம் உண்டு.

சோலாரிஸின் வால்யூம் மேனேஜர், எந்த மிரர் எதில் இருக்கிறது, எது நல்லது, எது கெட்டது என்ற குறிப்பைச் சின்னப் பதிவுகளாக டிஸ்க்குகளிலேயே வைத்துக்கொள்ளும். ‘மெட்டாடிபி’ என்ற கட்டளை அதைக் காட்டும். இங்கே ஒவ்வொரு டிஸ்க்கிலும் மூன்று, ஆக ஆறு பதிவு. ஓடுகிற மெஷினுக்குப் பாதி இருந்தால் போதும், மூன்றை வைத்துக்கொண்டு ஓடும். ஆனால் புதிதாக எழுந்து வருகிற மெஷினுக்குப் பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும், அதாவது நான்கு. இல்லையென்றால் ‘பதிவுகள் போதவில்லை’ என்று சொல்லி, நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு ஒற்றையாள் நிலையில் நின்றுவிடும். இரண்டே டிஸ்க் உள்ள மெஷினில், சரிபாதியில் எந்தப் பாதி உண்மை சொல்கிறது என்று அதற்கே தெரியாது. அதனால் இந்த விதி. விதி நியாயமானது. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஒரு டிஸ்க் செத்தும் மாதக்கணக்கில் அலுங்காமல் ஓடிய மெஷின், ஒரு கரண்ட் கட்டில் விழுந்தால் எழுந்திருக்காது.

இரண்டாவது இன்னும் மோசம். மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் ஓபன்பூட் என்ற அடிமட்ட மென்பொருளுக்கு மிரர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெயர்: எந்த டிஸ்க்கில் இருந்து பூட் செய்வது. இந்த மெஷினில் அந்தப் பெயர் டிஸ்க் 0. செத்ததும் டிஸ்க் 0. டிஸ்க் 1-இல் எல்லாத் தரவும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதன் பெயர் பட்டியலிலேயே இல்லை. அதன் தலைப்பகுதியில், முதல் பதினாறு செக்டாருக்குள் பூட் பிளாக் என்கிற குட்டி நிரல் இருந்தால்தான் அதில் இருந்து எழுந்திருக்க முடியும். நிறுவியவர்கள் அதை அங்கேயும் ஏற்றினார்களா என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. மெஷினை நிறுவிய வருடத்து ஃபைலை அண்ணாச்சி எடுத்து வந்தார். டெலிவரி சலான் இருந்தது. இனிப்பு வாங்கிய பில் இருந்தது. பூட் பற்றி ஒரு வரி இல்லை.

யு.பி.எஸ். மறுபடி கிச்சிட்டது. “பேட்டரி வீக்கு தம்பி,” என்றார் அண்ணாச்சி. வெளியே காற்று. ஆனி மாதக் காற்றில் மேற்கே எங்கேயாவது தென்னை மட்டை லைனில் விழுந்தால் போதும்.

ஆகவே புது டிஸ்க்கைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. முதலில் செத்த டிஸ்க்கில் இருந்த மூன்று பதிவையும் ‘மெட்டாடிபி’யில் நீக்கினேன். இப்போது மொத்தமே மூன்று, மூன்றும் கையில். அடுத்து ‘இன்ஸ்டால்பூட்’ கொடுத்து டிஸ்க் 1-இல் பூட் பிளாக்கை ஏற்றினேன். ஏற்கெனவே இருந்திருந்தாலும் கெடுதல் இல்லை. பிறகு பூட் பட்டியலில் டிஸ்க் 1-இன் பெயரையும் சேர்த்தேன். எல்லாம் சில வரிகள். இனி மின்சாரம் போனாலும் மெஷின் எழுந்து வரும் என்று ஓரளவு சொல்லலாம். புது டிஸ்க்கைப் போடுவது அவசரமில்லை. இருக்கிற டிஸ்க்கைத் தனியாக நிற்கப் பழக்குவதுதான் அவசரம். இந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கையில் புது டிஸ்க் இருக்கும்போது அதைச் செருகத்தான் கை போகும்.

அடுத்து டேப். டாட் கேசட்டைப் போட்டு ‘யூஎஃப்எஸ்டம்ப்’ என்ற பேக்கப் கட்டளையை ஓடவிட்டோம். மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்க்கும் செத்த டிஸ்க்கும் ஒரே நாளில் பெட்டியில் இருந்து வந்தவை, ஒரே வயது, ஒரே ஓட்டம். புது டிஸ்க்கைச் சேர்த்ததும் மிரர் இந்தக் கிழட்டு டிஸ்க்கை முதல் செக்டாரில் இருந்து கடைசி வரை படிக்கப்போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளையும் தொடும். எங்காவது படிக்க முடியாத இடம் பதுங்கியிருந்தால் அப்போதுதான் தெரியவரும். அதற்கு முன் ஒரு நகல் வெளியே இருப்பது நல்லது.

டேப் முடிந்தது. இனி எந்த டிஸ்க்கை உருவுவது என்ற கேள்வி. பைத்தியக்காரக் கேள்வியாகத் தோன்றும். ஆரஞ்சு விளக்குதான் எரிகிறதே. ஆனாலும் விளக்கை மட்டும் நம்பி உருவக்கூடாது. தவறி நல்ல டிஸ்க்கை இழுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ‘ஐஓஸ்டாட்’ கட்டளை ஒவ்வொரு டிஸ்க்கின் பிழைக் கணக்கையும் சீரியல் எண்ணையும் காட்டும். அதைத் தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு நல்ல டிஸ்க்கை ‘டிடி’ கட்டளையால் சும்மா படிக்கவைத்தேன். படித்ததை எங்கும் எழுதாமல் குப்பையில் போடச் சொன்னால், அந்த டிஸ்க்கின் பச்சை விளக்கு மட்டும் நிற்காமல் துடிக்கும்.

“அண்ணாச்சி, எது மினுங்குது?”

“கீழ ஒண்ணுன்னு நம்பர் போட்டது.”

“அதைத் தொடக்கூடாது.”

“சரி. பொறவு?”

டிஸ்க் 0-ஐ மென்பொருளில் இருந்து கழற்றிவிடும் கட்டளை கொடுத்ததும் அதன் மேல் நீல விளக்கு எரிந்தது. எடுக்கலாம் என்பதற்கான அடையாளம். பொத்தானை அழுத்தி, பிடியை வெளியே மடக்கி, ஒரு விரல் அளவு மட்டும் இழுத்து நிறுத்தினேன். உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு முழுதாக உருவி, அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணைத் தாளில் உள்ளதோடு அண்ணாச்சியை வாசிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். பொருந்தியது. “சவம், இதுக்கா இவ்வளவு பெகளம்,” என்று டிஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார்.

புதியதைச் செருகியதும் மெல்லிய ஊளையோடு சுற்ற ஆரம்பித்தது. அதில் பகுதிகள் பிரிக்க வேண்டும்; பழையதில் இருப்பதுபோலவே, ஒரு சிலிண்டர் பிசகாமல். ‘பிஆர்டிவிடாக்’ நல்ல டிஸ்க்கின் பகுதி அட்டவணையைப் படித்துக் கொடுக்கும், ‘எஃப்எம்டிஹார்டு’ அதை வாங்கிப் புது டிஸ்க்கில் எழுதும். இரண்டையும் ஒரே வரியில் கோத்துவிடலாம். அந்த வரியில் இரண்டு டிஸ்க்கின் பெயரும் வரும், வித்தியாசம் ஒற்றை இலக்கம். இடம் மாறினால் வெற்று அட்டவணை நல்ல டிஸ்க்கின் மேல் போய் உட்காரும். தட்டச்சு செய்துவிட்டு என்டரைத் தொடாமல் அண்ணாச்சியை வாசிக்கச் சொன்னேன். “ஒண்ணுல இருந்து சைபருக்கு,” என்றார். “மறுபடி வாசிங்க.” “ஒண்ணுல இருந்து சைபருக்கு.” தட்டினேன். இரண்டாவது ஆள் வாசிக்காமல் இந்த வரியில் என்டர் தட்டுவதில்லை என்பது என் வழக்கம். கம்ப்யூட்டர் தெரிந்தவராக இருக்க வேண்டியதுகூட இல்லை, எண் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

மாறிய டிஸ்க்கின் அடையாளத்தை ‘மெட்டாடெவ்அட்ம்’ கொடுத்துப் புதுப்பித்து, பதிவுகள் மூன்றை மறுபடி அதில் ஏற்றி, ‘மெட்டாரீப்ளேஸ்’ கொடுத்தேன். ‘மெட்டாஸ்டாட்’ பார்த்தால், ‘பராமரிப்பு தேவை’ என்று நின்ற இடத்தில் ‘ஒத்திசைவு நடக்கிறது’ என்று சதவீதம் ஓடத் தொடங்கியது. ரூட் பகுதி முதலில். அது முடிந்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கிளப்பிவிட்டால் டிஸ்க்கின் ஊசி ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் அலைந்தே பொழுதைத் தின்றுவிடும். ரூட் முடிந்ததும் புது டிஸ்க்கிலும் ‘இன்ஸ்டால்பூட்’ கொடுத்தேன். பிறகு பெரிய பகுதியைக் கிளப்பினேன்; சதவீதம் நத்தை வேகத்தில் ஏறியது.

“இங்க உக்காந்து பாத்தா வேகமாப் போகுமா?” என்றார் அண்ணாச்சி. போகாது. “அந்தால வாங்க. ஒரு இடம் காட்டுகேன்.” அறையில் ஒரு பையனை உட்காரவைத்து, எதையும் தொடாதே, கரண்ட் போனால் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு அவருடைய பைக்கில் ஏறினேன்.

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. கல்லூரிப் பஸ்களும் கேரள பஸ்களும் கோட்டைச் சுவரை ஒட்டித்தான் ஓடுகின்றன. உள்ளே நுழைந்தால் மரங்கள், சாரல், மயில் சத்தம். கருங்கல் சுவர் நடுவில் ஒரு குன்றையே வளைத்துப் போட்டிருக்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்தில் இங்கே பீரங்கி வார்த்தார்கள். வார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் டிலனாய். 1741-இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையில் வந்தவர். கைதியாகப் பிடிபட்டு, பிடித்த அரசனுக்கே தளபதியாகி, 1777-இல் செத்து, இந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானவர். கூரையில்லாத பழைய சர்ச் ஒன்றின் தரையில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். டச்சு இல்லை. மழையில் தமிழ் எழுத்துகள் பளபளப்பாகத் தெரிந்தன. லத்தீனை அண்ணாச்சி “படிச்சவங்க படிச்சிக்கிடட்டும்” என்று விட்டுவிட்டார். இந்த டிலனாயோடு பழகித்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். 1752-இல் அவரைச் சுட்டுக் கொன்ற இடம் காலையில் நான் கடந்துவந்த அதே காற்றாடிமலை. இந்த மாவட்டத்தில் எந்தக் கதையைத் தொட்டாலும் பஸ் ரூட்டில் இன்னொரு நிறுத்தத்தில் போய் முடியும்.

திரும்பும் வழியில் சாப்பாடு. மரச்சீனிக்கிழங்கு மசித்தது, சாளைக் குழம்பு, தனியாக ஒரு கிண்ணத்தில் உள்ளித்தீயல். தேங்காயைக் கருகும் எல்லைவரை வறுத்து அரைத்த அந்தக் குழம்பைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டும். அண்ணாச்சி சாப்பிடும்போது சொன்னார்: கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, இவருடைய அப்பாவின் நிலப் பத்திரமெல்லாம் மலையாளத்தில் இருந்ததாம். ஒவ்வொன்றையும் தமிழில் எழுதிவைத்துக்கொண்டாராம். “ஆனா ஒறிஜினல களையல்ல. ரெண்டும் ஒரே டிரங்குப் பெட்டியிலதான் இருந்து. கறையான் ரெண்டையும் சேத்தே தின்னுட்டு.” நான் சிரித்தேன். ஒரே பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிஸ்க்கைச் செருகி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் எங்கள் ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனம் கேட்டதில்லை. டேப் கேசட்டை அன்றைக்கே அவர் வீட்டுப் பீரோவுக்குக் கொண்டுபோகச் சொன்னதற்கு அந்தக் கறையானும் ஒரு காரணம்.

சாயங்காலம் எல்லாப் பகுதியும் ‘ஓகே’ காட்டியது. அண்ணாச்சிக்கு வேலை முடிந்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். எனக்கு முடியவில்லை. டிஸ்க் 1-இல் இருந்து மெஷின் எழுந்து வருமா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதை நிறுவிய நாள் முதல் ஒரு நாளும். பிரின்சிபாலிடம் நேரம் கேட்டேன். “காலையில ஆஃப் பண்ணக்கூடாதுன்னீங்க, இப்ப நீங்களே கேக்கிறீங்களே சார்?” நியாயமான கேள்வி. காலையில் அணைத்திருந்தால் அது விபத்து, இப்போது அது சோதனை என்றேன். ஆபீஸ் பூட்டிய பிறகு அனுமதி கொடுத்தார்.

அணைத்தோம். கன்சோலில் ‘ஓகே’ என்ற இரண்டு எழுத்து வந்து நின்றது; சன் மெஷினோடு பழகியவர்களுக்கு அந்த ஓகே-யைப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் வயிறு கலங்கும். ‘பூட் டிஸ்க்1’ என்று கொடுத்தேன். மெமரி, நெட்வொர்க் அட்டை, பதிப்பு எண் எல்லாம் வரிவரியாக வந்து, நீண்ட இடைவெளி விட்டு, லாகின் கேட்டது. மறுபடி அணைத்து ‘பூட் டிஸ்க்0’. அதுவும் வந்தது. அண்ணாச்சி இரண்டு தடவையும் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, நிறுவல் ஃபைலில் இனிப்பு பில்லுக்கு அடுத்த தாளில் எழுதிவைத்தார்: இன்ன தேதி, இன்ன டிஸ்க், எழுந்து வந்தது. அந்த ஃபைலில் உருப்படியான முதல் தாள் அதுதான்.

ஒரு குறை பாக்கி இருந்தது. நாளைக்கு ஒரு டிஸ்க் செத்தாலும் அதே சரிபாதிச் சிக்கல் திரும்ப வரும். பாதி இருந்தாலே எழுந்து வா என்று கெர்னலுக்குச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. பலர் அதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய தரவு உள்ள பாதியை நம்பி மெஷின் எழுந்துவிட்டால், எழாமல் நிற்பதைவிட அது மோசம். வி240-இல் டிஸ்க் செருக நான்கு இடம் உண்டு. மூன்றாவதாக ஒரு சின்ன டிஸ்க் போட்டு, அதில் தரவு எதுவும் வைக்காமல் பதிவுகளை மட்டும் வைத்தால் சரிபாதி என்ற பேச்சே எழாது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்லூரி வாங்கியது, பழைய 36 ஜி.பி. டிஸ்க் ஒன்று, மலிவாக.

சன் கம்பெனி 2010 ஜனவரியில் ஆரக்கிளின் கைக்குப் போனது. அந்த மாடல் மெஷின்கள் இப்போது பெரும்பாலும் பழைய இரும்புக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் இரண்டு டிஸ்க்கை மிரர் செய்து வைத்துவிட்டு மறந்துபோகும் வழக்கம் எங்கும் போகவில்லை; இன்று அது லினக்ஸ் பெட்டிகளில் நடக்கிறது. பள்ளி, மருத்துவமனை, நகைக்கடை, கூட்டுறவு சங்கம் என்று எங்கே அப்படியொரு பெட்டி உங்கள் பொறுப்பில் இருந்தாலும் இன்றைக்கே ‘எம்டிஸ்டாட்’ கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும் இருந்தால், ஒரு டிஸ்க் ஏற்கெனவே செத்துவிட்டது. இரண்டும் இருந்தால், ‘கிரப்’ என்ற பூட் நிரல் இரண்டாவது டிஸ்க்கிலும் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு விடுமுறை நாளில், பேக்கப் எடுத்துவிட்டு, அந்த இரண்டாவதில் இருந்து ஒரு முறை பூட் செய்து, தேதியைத் தாளில் எழுதிவையுங்கள்.